ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிரிவு உபசார விழா: பத்து நிமிடத்தில் என்ன பேசுவது?

கரும்பலகைக்காரி

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிரிவு உபசார விழா. "இந்த வருஷம் நீங்கதான் பேசுறீங்க, பத்து நிமிஷம்" என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்.

பதினோரு வருடமாக இந்த விழாவைப் பார்க்கிறேன். பேச வருபவர் யாராக இருந்தாலும் பேச்சு ஒன்றுதான். "பெற்றோருக்கும் பள்ளிக்கும் நல்ல பெயர் வாங்கிக் கொடுங்கள், பார்த்து நடந்துகொள்ளுங்கள்." பக்கத்து ஆண்கள் பள்ளிக்கும் போயிருக்கிறேன். அங்கே அதே மனிதர் "பெரிய ஆளாக வாருங்கள்" என்கிறார். நம் பிள்ளைகளுக்கு மட்டும் பார்த்து நடக்கிற வேலை.

என் வகுப்பில் 46 பேர். பெரும்பாலோர் வீட்டில் இதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அவர்களிடம் உருப்படியாக ஏதாவது சொல்ல வேண்டும். பள்ளியை முடித்தபோது உங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கு நினைக்கிற விஷயம் எது? அதைச் சொல்லுங்கள்.

பழைய_பெஞ்ச்

முதல் யோசனை: மைக் வேலை செய்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். அரசுப் பள்ளி மைக்கின் குணம் எனக்குத் தெரியும்.

2003-இல் நான் முடித்தேன். கடைசிப் பரீட்சை முடிந்ததும் ஹீரோ பேனாவில் இருந்த மையை எல்லாம் ஒருத்தி தாவணியில் ஒருத்தி தெளித்தோம். வெள்ளைத் தாவணி. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வாங்கிய அடி நினைவிருக்கிறது. அதற்கு இரண்டு நாள் முன்பு மேடையில் பேசியவர் யார், என்ன சொன்னார் என்பது ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர்.

கோடாங்கி

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன். புதுக்கோட்டையில் இருந்துகொண்டு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் உங்கள் ஊரில் பிறந்தவர். மன்னர் கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாகப் படித்தார். 1912-இல் மருத்துவப் பட்டம். 1927-இல் சென்னை சட்ட மேலவைக்குப் போனார், அதன் துணைத் தலைவரும் ஆனார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இதைச் சொன்னாலே பிள்ளைகளுக்கு உத்வேகம் வந்துவிடும்.

கரும்பலகைக்காரி

கோடாங்கி ஐயா, மன்றத் தொடக்க விழா, மகளிர் தினம், ஆண்டு விழா என்று எல்லாவற்றிலும் அவரைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். போன வருடம் ஒருத்தி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அவங்க டாக்டர் ஆயிட்டாங்க மிஸ், எனக்கு பி.காம் கிடைக்குமா?"

தேன்மிட்டாய்

நான் இப்போது ப்ளஸ் டூ படிக்கிறேன், வேறு மாவட்டம். ஒன்று கேட்டுக்கொள்கிறேன் மிஸ், தயவுசெய்து அழ வைக்காதீர்கள். எங்கள் சீனியர் அக்காக்களுக்குப் பேச வந்தவர் "இந்தச் சிரிப்பு இனிமேல் உங்களுக்குக் கிடைக்காது" என்றார். ஏன் கிடைக்காது? எங்களுக்கு அப்படி என்ன வரப்போகிறது என்று யாரும் சொல்வதில்லை. மண்டபமே அழுதது, அப்புறம் சாப்பிடப் போய்விட்டோம்.

எனக்குத் தெரிய வேண்டியது வேறு. ரிசல்ட் வந்ததும் எங்கே போக வேண்டும், என்ன பேப்பர் வேண்டும்? வீட்டில் கேட்டால் "பக்கத்து வீட்டு அண்ணனைக் கேள்" என்கிறார்கள். அவன் பாலிடெக்னிக்கை பாதியில் விட்டவன்.

ரசீது

வங்கியில் எழுத்தராக இருக்கிறேன், என் மகளுக்கு இரண்டு வருடம் முன்பு இதற்காக அலைந்தவள். தேன்மிட்டாய்க்குச் சுருக்கமாக: சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்று ஒரு வருடம்தான் செல்லும், பழையதை எடுத்துக்கொண்டு போகாதே. குடும்பத்தில் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்று. எல்லாமே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் இப்போதே. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்கி வை. மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அதுதான் சாவி. கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்துக்குக் கல்லூரி வழியாகவே பதிவார்கள், மாதம் 1000 ரூபாய் உன் கணக்குக்கு வரும்.

"உன் கணக்கு" என்று எழுதிவிட்டேன், அங்கேதான் சிக்கல். பள்ளியில் உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு மைனர் கணக்காக இருக்கும். 18 வயது முடிந்ததும் புதிதாகக் கையெழுத்து மாதிரியும் ஆவணங்களும் கொடுத்து மாற்ற வேண்டும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், மார்க் ஷீட்டில் ஒற்றை இனிஷியல், பாஸ்புக்கில் இனிஷியலே இருக்காது. மூன்றும் ஒரே பெண்தான் என்று கவுன்ட்டரில் நிரூபிக்க முடியாமல் பிள்ளைகள் கண் கலங்குவதை ஜூலை மாதம் வந்து பாருங்கள்.

இரவுப்பணி

நான் செவிலியர். எனக்கு யாரும் சொல்லாதது: ஒரிஜினலைக் கையை விட்டுக் கொடுக்காதே.

சேர்ந்த அன்று கல்லூரியில் மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்று எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டினார்கள். வாங்கியதற்கு ரசீதும் இல்லை. ஒரு படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். முதல் வருட முடிவில் அப்பா இறந்தார். வேறு கல்லூரிக்கு, ஊர்ப் பக்கம் மாறலாம் என்று போனால் மீதி வருடங்களுக்கான கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் தருவோம் என்றார்கள். நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்று அந்தப் படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாகப் படித்தேன். அம்மாவின் தோடு போனது, அங்கேயே படித்து முடித்தேன்.

சரிபார்த்ததும் ஒரிஜினலைத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இல் அறிவித்திருக்கிறது. எனக்கு அது பிந்தி வந்தது. உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பத்து செட் ஜெராக்ஸ், போனில் ஒரு படம், அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஒரு பிரதி.

பஞ்சுத்தூசி

நான் கல்லூரிக்குப் போகவில்லை. அதையும் யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த 46 பேரில் சிலர் போக மாட்டார்கள்.

பரீட்சை முடிந்து ரிசல்ட் வருவதற்குள் ஒரு மாதம் இருக்கும் இல்லையா, அந்த மாதத்தில்தான் ஏஜென்ட் வருவார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலை. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை, முடியும்போது மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்றார். சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள், கேட்கவே மங்களகரமாக இருந்தது. அப்பாவும் நானும் கையெழுத்துப் போட்டோம். நான் 12 வரை படித்தவள், தமிழ் நன்றாகவே படிப்பேன். ஆனால் அப்பா பக்கத்தில் நிற்கிறார், ஏஜென்ட் வண்டியை அணைக்காமல் நிற்கிறார், நான் உட்கார்ந்து படித்தால் மரியாதை இல்லாத மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

இரண்டு வருடம் எட்டு மாதம் வேலை பார்த்தேன். இருமல் நிற்கவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடம் முடியவில்லை, அதனால் மொத்தத் தொகை கிடையாது. அது அந்தத் தாளில் எழுதியே இருந்ததாம்.

ரிசல்ட் வந்தபோது நான் ஆலையில் இருந்தேன். 1200-க்கு 871. விடுதியில் யாரிடமும் சொல்லவில்லை.

மாடிப்படி

பஞ்சுத்தூசி, படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

"படித்தால் மரியாதை இல்லாத மாதிரி இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதே நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எம்.எஸ்சி. முடித்து வேலையிலும் இருந்தேன். அப்பா போய் நாற்பதாம் நாள், அண்ணன் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். "சும்மா ஒரு கையெழுத்துதான் பாப்பா." விடுதலைப் பத்திரம். அப்பா சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுப்பது. தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று 1989-இலேயே சட்டம் வந்துவிட்டது, நாடு முழுக்க 2005-இல். சட்டத்தை நான் வேலைக்கான தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன்! ஆனாலும் பேனாவை வாங்கினேன், போட்டேன். அண்ணன் கெட்டவர் இல்லை. இப்போதும் பொங்கலுக்குச் சீர் வருகிறது.

பங்கு வேண்டாம் என்று யோசித்து எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு. நான் யோசிக்கவே இல்லை.

முருங்கைக்காய்

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் கல்லூரி, இளையவள் ப்ளஸ் டூ. எல்லாவற்றையும் படித்தேன், வருத்தமாக இருக்கிறது. ஆனால் பிரிவு உபசார விழா என்பது பிள்ளைகள் புதுத் துணி போட்டு, போட்டோ எடுத்து, சந்தோஷமாக இருக்கிற ஒரே நாள். அன்றைக்குப் போய் அப்பனை நம்பாதே, அண்ணனை நம்பாதே என்று பயமுறுத்தி அனுப்புவதா?

ரசீது மேடம், மூத்தவளுக்கு மாதம் ஆயிரம் வருகிறது. ஏடிஎம் கார்டு என்னிடம்தான் இருக்கிறது. பாதுகாப்புக்காக. இதில் என்ன தப்பு?

ரசீது

தப்பென்று சொல்லவில்லை அண்ணா. அந்த ஆயிரத்தில் அவள் கையில் எவ்வளவு போகிறது?

முருங்கைக்காய்

கேட்டால் கொடுப்பேன்.

தேன்மிட்டாய்

அங்கிள், நாப்கின் வாங்கவும் கேட்க வேண்டுமா?

முருங்கைக்காய்

அதெல்லாம் அவள் அம்மாவிடம் கேட்பாள். சரி, விடு.

வல்லைவெளி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் இதைப் பிரியாவிடை வைபவம் என்போம். உயர்தரப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளுக்குக் கீழ் வகுப்புப் பிள்ளைகள் செய்வது. அழுகை, கேக், குழுப்படம், எல்லாம் எங்கட பக்கமும் அப்படியேதான்.

1824-இல் தொடங்கின உடுவில் மகளிர் கல்லூரி இருக்கிற ஊர் இது. இருநூறு வருடமாகப் பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லுவோம். அதே ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. தேசவழமை என்கிற எங்கட பக்கத்து வழமைச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்ணுக்கு அநேகமாகச் சீதனமாகக் காணி எழுதுவார்கள், உறுதி, அதாவது பத்திரம், அவளுடைய பெயரில்தான் இருக்கும். ஆனால் கலியாணம் முடிந்த பிறகு அந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். கணவர் விட்டுப் போனாலோ, எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் போனாலோ, நீதிமன்றத்தில் போய் அனுமதி எடுக்க வேண்டும். சண்டை நடந்த மண்ணில் இது எத்தனை பெண்களைத் தேடி வந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மாடிப்படி அக்காவின் கையெழுத்து வேண்டாத இடத்தில் கேட்கப்பட்டது. என்ரை பெரியம்மாவின் கையெழுத்து, அவவின் காணிக்கே போதாது என்றார்கள். உங்களிடம் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கோ ஆசிரியை.

கரும்பலகைக்காரி

நீங்கள் எல்லோரும் தனித்தனியாக எழுதினீர்கள், படித்தால் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. கல்லூரிப் படிவம், ஆலைத் தாள், விடுதலைப் பத்திரம், வங்கி அட்டை.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. கல்குவாரியில் கல் உடைத்தவர். 1991-இல் எங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற அறிவொளி இயக்கம் வந்தது. பகலெல்லாம் சம்மட்டி, இரவில் அரிக்கேன் விளக்கடியில் சிலேட்டு. கலெக்டராக ஷீலா ராணி சுங்கத் இருந்த சமயம், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அம்மாவும் பழகினார், விழுந்தார், முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அரையாண்டு ரேங்க் கார்டில் அம்மா வைத்தது கைநாட்டு. முழு ஆண்டில் நான்கு எழுத்து. கடைசி எழுத்தின் கொம்பு கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்கே போய்விடும் போல இருந்தது. அந்தக் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆனால் அவர் ஒன்று செய்வார். இன்றைக்கும் யார் எந்தத் தாளை நீட்டினாலும், ரேஷன் கடை ரசீதாக இருந்தாலும், கண்ணாடியைத் தேடி எடுத்து, எழுத்துக் கூட்டி, முழுக்கப் படித்துவிட்டுத்தான் போடுவார். பின்னால் வரிசை நிற்கும். "என்ன ஆத்தா, நேரமாச்சு" என்பார்கள். அவருக்குக் காது கேட்காது, கேட்காத மாதிரி இருக்கத் தெரியும். பட்டதாரிகளான நாம் ஏன் அதைச் செய்வதில்லை என்று இந்தப் பதிவுகளைப் படித்த பிறகுதான் யோசிக்கிறேன்.

விழா அன்று பிள்ளைகள் எல்லோரும் ஆட்டோகிராப் நோட்டோடு சுற்றுவார்கள். நாள் முழுக்கக் கையெழுத்துதான். அதை வைத்தே பேசலாம் என்று நினைக்கிறேன். முருங்கைக்காய் அண்ணா சொன்னதும் சரி, பயமுறுத்தக் கூடாது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

பழைய_பெஞ்ச்

பேசவே வேண்டாம் டீச்சர். ஒரு தாள் அச்சடியுங்கள். மேலே பெரிய எழுத்தில் "பிரிவு உபசார விழா நினைவுப் படிவம்". நடுவில் பொடி எழுத்தில் பத்து வரி, பள்ளியின் பெருமை, அது இது. ஏழாவது வரியில் "கீழே கையெழுத்திடுபவர், விழாவில் தனக்கு வழங்கப்படும் ஐஸ்கிரீமை வணிகவியல் ஆசிரியைக்கு ஒப்படைக்கச் சம்மதிக்கிறார்" என்று நுழைத்துவிடுங்கள். காலையிலேயே சுற்றுக்கு விடுங்கள்.

இரவுப்பணி

இதைச் செய்யுங்கள். தயவுசெய்து செய்யுங்கள்.

ரசீது

தாளின் பின்பக்கத்தில் எண்களைப் போட்டுவிடுங்கள். 1098 குழந்தைகளுக்கு, பதினெட்டு முடியும் முன்பே கல்யாணப் பேச்சு வந்தால் அதுவும் இதில் அடக்கம். 181 பெண்களுக்கு. 1930 பண மோசடி, போன் மோசடிக்கு. 14417 பள்ளிக் கல்வித் துறை. ரிசல்ட் அன்று மனசு சரியில்லை என்றால் 104. தவறியவர்களுக்கு அந்த வருடமே துணைத் தேர்வு உண்டு என்றும் ஒரு வரி போடுங்கள், அந்த வரி தெரியாமல்தான் பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குள் முடங்குகிறார்கள்.

கரும்பலகைக்காரி

விழா நேற்று முடிந்தது.

மைக் வேலை செய்யவில்லை. பழைய_பெஞ்ச் எழுதியது நினைவுக்கு வந்து மேடையிலேயே சிரித்துவிட்டேன், யாருக்கும் ஏன் என்று புரியவில்லை.

காலை ஒன்பதரைக்குத் தாளைச் சுற்றுக்கு விட்டேன். 46 பேரில் 44 பேர் படிக்காமல் போட்டார்கள். இரண்டு பேர் படித்தார்கள். ஒருத்தி என்னிடம் வந்து, "மிஸ், இது என்ன, நான் போட மாட்டேன்" என்றாள். இன்னொருத்தி ஒன்றும் பேசவில்லை. ஏழாவது வரியைப் பேனாவால் அடித்து, ஓரத்தில் சின்னதாக இனிஷியல் போட்டு, அதற்குப் பிறகு கீழே கையெழுத்திட்டிருந்தாள். பாடத்தில் நான் இதை நடத்தவே இல்லை. கேட்டால், அவள் அம்மா குழுக் கடன் வாங்கி, உடன் வாங்கிய இன்னொருவர் கட்டாமல் போனதால் அந்தத் தவணையும் இவர்கள் தலையில் விழுந்ததாம். அதிலிருந்து வீட்டுக்கு வருகிற தாளை எல்லாம் இவள்தான் படிக்கிறாள்.

மதியம் தாளை எடுத்து ஏழாவது வரியை மட்டும் சத்தமாகப் படித்தேன். ஒரு நொடி அமைதி, பிறகு கூச்சல். "மிஸ், இது ஏமாத்து!" என்று ஒரே சத்தம். "ஆமாம், அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றேன். பிறகு உங்கள் கதைகளைச் சொன்னேன், பெயர் ஊர் இல்லாமல். பஞ்சுத்தூசி, 871 என்ற எண்ணையும் சொன்னேன், மன்னிக்கவும், சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்து நிமிடம் என்றது இருபத்தைந்து ஆனது. தேன்மிட்டாய், யாரும் அழவில்லை. அழுதது நான்தான், அதுவும் குழுப்படம் எடுக்கும்போது வெயில் என்று சமாளித்தேன்.

கடைசியில் ஆட்டோகிராப் நோட்டுகளை நீட்டினார்கள். எல்லோருடைய நோட்டிலும் முன் பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் போட்டேன். அதற்கே ஒன்றரை மணி நேரம். சிலவற்றில் படித்திருக்கக் கூடாத ரகசியங்கள் எல்லாம் இருந்தன.

பஞ்சுத்தூசி

சொன்னதில் எனக்கு வருத்தமில்லை டீச்சர். அந்த எண்ணை இதுவரை யாரும் மேடையில் வாசித்ததில்லை.

முருங்கைக்காய்

என் இளையவள் பள்ளியில் அடுத்த வாரம் விழா. அந்தத் தாளைப் படம் எடுத்துப் போடுங்கள், அவள் டீச்சரிடம் கொடுக்கிறேன்.

இன்னொன்று. மூத்தவளிடம் கார்டைக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கே பின் நம்பரை மாற்றிவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு செருப்பு வாங்கி வந்தாள், ஒரு சைஸ் சின்னது.

பழைய_பெஞ்ச்

எல்லாம் சரி டீச்சர், 44 ஐஸ்கிரீம் என்ன ஆனது?

கரும்பலகைக்காரி

வண்டி வரும்போதே பாதி உருகிவிட்டது. தலைமை ஆசிரியையும் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தார், அவருடையதை மட்டும் வாங்கிக்கொண்டேன்.